மெலனியைக் கூட்டிப்போக நீ வருமுன்

அன்புள்ள மகளுக்கு,

நீ வரப்போகும் செய்தியைச் சொல்லி ஒரு கிழமைக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு நீ அழைத்த நேரமெல்லாம், பட்டறையில் வேலை என்று சொல்லி மெலனியின் கையிலேயே போனைக் கொடுத்துவிட்டேன். வேலை இருந்தது உண்மை. காற்று தொடங்கிவிட்டால் கடலுக்குப் போகமுடியாது என்று பேசாலையில் பாதிப்பேர் இப்போதுதான் போட் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்குகிறார்கள். ஆனால் உன்னோடு பேசாமல் விட்டதற்கு அது காரணமில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. எழுதினால் ஒழுங்காகச் சொல்லலாம் என்று நினைத்து எழுதுகிறேன். முழுவதையும் வாசி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு அழைக்காதே. மெலனிக்கு இதைக் காட்டவும் வேண்டாம்.

நீ போன காலத்திலிருந்தே தொடங்குகிறேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். ஒரு வயது முடியுமுன் கொழும்பில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனாலும் ஒரு வால்வு சரியாக விரியவில்லை, பள்ளிக்கூடம் போகிற வயதில் இன்னொருமுறை நெஞ்சைத் திறக்கவேண்டி வரலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் உனக்கு வெளிநாட்டில் குழந்தை மருத்துவம் பயில இடம் கிடைத்தது. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஊருக்கே இனிப்புக் கொடுத்திருப்பாள். நான் என்னால் முடிந்த மாதிரி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு உன் தலையில் கைவைத்தேன். அன்று பின்னேரம் நீ குசினிக் கதிரையில் வந்து இருந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"அப்பா, ட்ரெயினிங்குக்குப் போற டொக்டர்மாரையும் குடும்பத்தையும் அங்க காப்புறுதியில எடுப்பினம். என்னை எடுப்பினம். டெறிக்கை எடுப்பினம். மெலனியையும் எடுப்பினம். ஆனா அவளின்ர ஹார்ட்டுக்கு முதல் வருஷம் ஒண்டும் தரமாட்டினம். முதலே இருந்த வருத்தமாம்."

"பிறக்கேக்கையே இருந்தது. அது அவளின்ர பிழையே?"

"பிழை எண்டு ஆர் சொன்னது? அவையின்ர சட்டம் அப்பிடி. அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஒப்பரேஷன் செய்யவேண்டி வந்தா எங்களால நினைச்சும் பாக்கேலாது, அப்பா. இஞ்ச எண்டா கொழும்பில இலவசமாப் பாப்பினம். ஒரு வருஷம் மட்டும் நீங்கள் வைச்சிருங்கோ. ரெண்டாம் வருஷம் நானே வந்து கூட்டிக்கொண்டு போவன். குழந்தையளின்ர வருத்தத்தைத்தானே படிக்கப்போறன், பிறகு அவளை நானே பாப்பன்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றைக்கும் அந்த முதல் வருடத்துக்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போ பிள்ளை, நான் பார்க்கிறேன் என்று சொன்னதும் நான்தான். விமான நிலையத்தில் நீ நிலத்தில் குந்தியிருந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை பொய் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். மருமகன் டெறிக்தான் உன் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனான். மெலனி அழவில்லை. நீ ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறாய் என்று நினைத்துக் கையசைத்தாள். பின்னேரம் வந்துவிடுவாய் என்று திரும்பி வரும் வழியில் மெதவாச்சி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் கேட்கத் தொடங்கியபோது என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்து அவளுக்குத் தலை வாரிவிடுகிற உன் மாமிக்கும் தெரியவில்லை. ஆகவே நடந்ததையே சொன்னோம். இன்சூரன்ஸ் விடவில்லை, அதனால்தான் அம்மா கூட்டிக்கொண்டு போகவில்லை என்று. சின்னப் பிள்ளை கேட்டாள். "அம்மப்பா, அந்த இன்சூரன்ஸ் எண்டவர் ஆர்? அவருக்கு ஏன் என்னைப் பிடிக்கேல்ல?" மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். நான் இருந்து விளக்கிப் பார்த்தேன். வருத்தம் வந்தால் பார்ப்பதற்கு முன்கூட்டியே கட்டிவைக்கிற காசு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நேசரியில் மற்றப் பிள்ளைகளிடம், தன்னை ஒரு ஆள் பிளேனில் ஏறவிடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த ரீச்சர் வந்து என்னிடம் விசாரித்தாள். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு வருடத்தில் தீரப்போகிற கதைதானே என்று நினைத்தேன்.

ஒரு வருடம் முடிந்தபோது உனக்குப் பரீட்சை என்றாய். பிறகு காப்புறுதி இன்னும் சரிவரவில்லை என்றாய். பிறகு ஈதன் வயிற்றில் வந்தான். பிறகு கொரோனா வந்து எல்லா வழியும் அடைபட்டது. அந்தக் காலத்துக்கும் உன்னைக் குறை சொல்லவில்லை; மன்னார்ப் பாலத்தைத் தாண்டவே எங்களுக்கு அனுமதி எடுக்கவேண்டி இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து அவள் போனின் முன்னால் இருப்பாள். நீ அந்தப் பக்கம் ஈதனுக்குச் சோறு தீத்திக்கொண்டே அவளிடம் மூச்சு வாங்குதா, கால் வீங்குதா, குளிசை போட்டாயா என்று கேட்பாய். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, தம்பி வாயைத் துடைக்கவிடாமல் தலையை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் போனை வைத்தபிறகு என்னிடம் கேட்டாள், தம்பிக்கு நெஞ்சில் வெட்டு இருக்கிறதா என்று. இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். அவ்வளவுதான். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

வழி திறந்த கையோடு அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில் இரண்டுதரம் குந்திவிடுவாள். கொழும்புக்கு வரச்சொல்லி நாள் கொடுத்தார்கள். நானும் மாமியும் அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று பேரும் போய்ச்சேர்ந்த பிறகு மாமியை மட்டும் வார்டில் நிற்கவிட்டார்கள். ஆம்பிளைகள் பார்வையாளர் நேரத்துக்குத்தான் உள்ளே போகலாம். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் நான் போயிருந்தபோது ஒரு தாதி வந்து மெலனியின் கையில் ஊசி ஏற்ற இடம் தேடிக்கொண்டே சிங்களத்தில் கேட்டாள். "அம்மா கோ?" அம்மா எங்கே என்கிற அந்தக் கேள்வியை வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; அதனால் மெலனிக்கு அது விளங்கிவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் அவளே தமிழில் பதில் சொன்னாள். "அம்மா டொக்டர். வேற பிள்ளையளைப் பாக்கிறா."

கோபமாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். தாதிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் தன் மகனோடு நின்ற ஒரு முஸ்லிம் தாய், எங்கள் மன்னாரின் முசலிப் பக்கத்தாள், நன்றாகச் சிங்களம் பேசுவாள். அவளைத் திரும்பிப் பார்த்தாள் தாதி. அந்தத் தாய் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கிறா என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தாதி போனபிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "பிள்ளை சொன்னத நான் எப்பிடி ஐயா அவக்குச் சொல்லுற?" என்று.

அடுத்தநாள் மெலனி உள்ளே இருந்த நேரமெல்லாம் நீ அழைத்துக்கொண்டே இருந்தாய். பெரிய டொக்டர் வெளியில் வந்தால் இதைக் கேளுங்கோ, அதைக் கேளுங்கோ என்று ஒவ்வொரு சொல்லாக என்னைத் திருப்பிச் சொல்லவைத்தாய். நான் வாய்ப்பாடமாக்கிக்கொண்டு நின்றேன். அவர் வந்தார், எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். நீ சொன்ன கேள்விகள் ஒன்றும் எனக்கு நினைவு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கு நீ என்னை ஏசினாய். "அப்பா, அதைத்தானே கேக்கச் சொன்னனான்" என்று. மகள், அவள் கண் முழித்ததும் என்ன சொன்னாள், நோகிறது என்று அழுதாளா என்று நீ கேட்பாய் என நான் காத்துக்கொண்டு நின்றேன். நீ கேட்கவில்லை. ஒருவேளை அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் மற்றதையெல்லாம் கேட்டாயோ என்று பிறகு நினைத்தேன். உனக்காக அப்படி நினைத்துக்கொள்ள நான் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் நாட்டில் ஒன்றும் இல்லாமல் போன காலம். மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டெல்லாம் கரையில் கிடந்தன. எனக்கும் வேலை இல்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் மெலனியின் குளிசை முடிந்துவிட்டது, வெளியில் எங்கேயும் இல்லை. டெறிக்கின் கையில் கொடுத்துவிட்டாய். அவன் தன் தகப்பனின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு வந்தவன், ஒரு பை நிறையக் குளிசையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தான். நல்ல பிள்ளை அவன், மனதில் ஒன்றையும் ஒளித்துவைக்கத் தெரியாது. மாமி பொரித்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், காப்புறுதிக்காரர் இன்னும் இறங்கி வரவில்லையா என்று.

"என்ன மாமா, அது எப்பவோ முடிஞ்ச விஷயம். முதல் வருஷம்தான் பழைய வருத்தங்களை எடுக்கமாட்டம் எண்டவை. ரெண்டாம் வருஷம் தொடங்கவே மெலனியின்ர ஹார்ட்டும் உள்ளுக்கு வந்திட்டுது. கொரோனாவுக்கு எத்தினையோ மாதத்துக்கு முதல்." சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "உங்களுக்குச் சொல்லேல்லையா, மாமா?"

"மறந்திருப்பாள்" என்றேன்.

"அவவுக்கு எக்ஸாம், மாமா. முதல்தரம் பாஸ் பண்ணேல்ல. வருத்தக்காரப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு படிக்கேலாது எண்டு சரியாப் பயந்தவ. பிறகு ஒவ்வொண்டா வந்திட்டுது." மெலனி முற்றத்தில் அவன் கொண்டுவந்த பந்தை மதிலில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகள், நீ பயந்தாய் என்று சொல்லியிருந்தால் நான் விளங்கிக்கொண்டிருப்பேன். பரீட்சையில் தவறிவிட்டேன் அப்பா, இன்னும் ஒரு வருடம் வைத்திருங்கோ என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒரு சொல் மறுத்துச் சொல்லியிருப்பேனா? நீ என்னிடம் பொய் சொன்னதைவிட, அந்தப் பொய்யை என் வாயால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தன் இதயம் பழுதானது என்பதால்தான் தாயிடம் போகமுடியவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கோவிலில் முழங்காலில் நின்று அதைச் சரியாக்கச் சொல்லி மன்றாடுவாள். அது காரணமாக இல்லாமல் போன பிறகும் நாங்கள் அவளை அப்படி மன்றாட விட்டோம்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். உன் அம்மா உயிரோடு இருக்கும்வரை என்னைச் சொல்லவிடவில்லை. சண்டை தொடங்கிச் சனம் இராமேஸ்வரத்துக்கு ஓடிய காலத்தில் நாங்களும் ஒரு போட்டுக்குப் பேசிவைத்திருந்தோம். உனக்கு அப்போது இரண்டு வயது, குக்கல் இருமல். கரையில் ஆட்களை ஏற்றும்போது நீ விடாமல் இருமினாய். ஓட்டி கையை நீட்டி மறித்துவிட்டான். "இருமுற பிள்ளையை ஏத்தேலாது. நேவிக்குக் கேட்டா எல்லாரும் முடிஞ்சம். பிள்ளையை ஆரிட்டயும் விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் ஏறுங்கோ. சுகமானோடன நானே கொண்டந்து தாறன்." போட்டில் ஏற்கெனவே ஏறியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழையே இல்லை. உன் மாமி போகவில்லை, இங்கேதான் நிற்கப்போகிறாள். நான் உன்னை அவள் கையில் கொடுக்கக் கையை நீட்டினேன். உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள்ளால் திரும்பிக் கரைக்கு நடந்துவிட்டாள். நான் போட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், பிறகு அவளுக்குப் பின்னால் நடந்தேன். அதன்பிறகு மடுக் கோவில் முகாமிலும் காட்டிலும் நாங்கள் பட்டதெல்லாம் உனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கும். அந்த வருடங்களில்தான் அவளுடைய உடம்பு உடைந்தது. ஒருதரம்கூட அவள் அந்த போட்டைப் பற்றிக் கதைத்ததில்லை. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், பிள்ளை தன்னால்தான் என்று நினைப்பாள் என்று.

இதை இப்போது உன்னைக் குத்துவதற்காகத்தான் எழுதுகிறேன். ஒளிக்க விரும்பவில்லை.

டெறிக் சொன்ன பிறகும் நான் உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். கேட்டால் நீ வெட்கப்பட்டு உடனே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். அதுவும் உண்மை.

இப்போது நீ பயிற்சியை முடித்து அங்கேயே நிரந்தரமாக வேலை எடுத்துவிட்டாய். பெரிய வீடு எடுத்திருக்கிறாய், மெலனிக்குத் தனி அறை என்றாய். சந்தோஷம். அந்த அழைப்பில் அவள் என் பக்கத்தில் நின்று, ஸ்பீக்கரில் நீ சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அம்மப்பாவுக்கும் டிக்கெட் போடுங்கோ என்று அவள் சொன்னபோது நீ சிரித்தாய். "அம்மப்பாவுக்கு ஏலாது, மகள். அவருக்குச் சுகர், பிரஷர், கண்ணிலயும் பிரச்சினை. இந்த வயதில பெற்றோரை எங்கட காப்புறுதிக்குள்ள எடுக்கமாட்டினம். இஞ்ச வந்து ஏதும் நடந்தா நாங்கள் என்ன செய்யிறது? அவர் அங்க இருக்கிறதுதான் நல்லம்." நீ சொன்னது அத்தனையும் சரி. எனக்கு வர ஆசையும் இல்லை. ஆனால் போனை வைத்ததும் அந்தப் பிள்ளை என் எதிரே வந்து நின்று சொன்னாள், "நான் போகமாட்டன். அம்மா என்னை விட்டிட்டுப் போன மாதிரி நான் உங்களை விட்டிட்டுப் போகமாட்டன்."

அவள் போகவேண்டும். எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. மாமிக்கு முழங்கால் ஏலாது. இனி அவளுக்கு ஒன்று என்றால் ரயிலேறி ஓட எங்களால் முடியாது. அவளுக்குத் தாய் வேண்டும், நீ எப்படிப்பட்ட தாயாக இருந்தாலும். ஆகவே சிலதைச் சொல்லிவைக்கிறேன். களைத்தால் அவள் சொல்லமாட்டாள், செருப்பைச் சரிபண்ணுவதுபோலக் குனிந்து இருப்பாள். நீ உடனே நாடி பிடிக்காதே, பக்கத்தில் நில், அது போதும். ஆட்களுக்கு முன்னால் நெஞ்சு வெட்டைக் காட்டச் சொல்லாதே. ஈதனோடு சண்டை பிடித்தால் சந்தோஷப்படு. சண்டை பிடிக்காமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால்தான் நீ யோசிக்கவேண்டும். என்றைக்காவது ஒருநாள் அவள் உன்னிடம் கேட்பாள், ஏன் இத்தனை வருடம் என்று. அன்றைக்குக் காப்புறுதி என்று சொல்லாதே. பயந்தேன் என்று சொல். அவள் தாங்குவாள். இரண்டுதரம் நெஞ்சைத் திறந்து மூடியவள்.

உன்னிடம் உண்மை சொல்லச் சொல்லும் நான் அவளிடம் இன்னொரு பொய் சொல்லிவிட்டேன். நேற்று அவளைக் கூப்பிட்டு, அங்கே வராமல் விடுவது நான்தான் என்றேன். "எனக்கு அந்தக் குளிரும் கோதாரியும் வேண்டாம். காப்புறுதிக்கு வழி கிடைச்சிட்டுதெண்டு அம்மா பிறகு வரச்சொன்னவதான், நான்தான் மாட்டன் எண்டனான்."

"அப்ப நான் இஞ்சயே நிக்கிறன்."

"வேண்டாம். இத்தினை வருஷம் பாத்தாச்சு. எனக்கும் களைப்பு. இனிக் கொஞ்சம் தனிய இருக்கப்போறன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று காலையில் வந்து அலுமாரியைத் திறந்து தன் உடுப்புகளை எல்லாம் எடுத்து மடித்துக்கொண்டு போனாள். கோபத்தோடு போகிற பிள்ளைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகத் தேவையில்லை.

அங்கே போனபிறகு என்னைப் பற்றி அவள் ஏதாவது கெட்டதாகச் சொன்னால் நீ மறுத்துப் பேசாதே. ஓம் என்று சொல். எனக்காக அதை மட்டும் செய்.

அப்பா